ஒரு பக்கப் பீஸ் கடைசி இரண்டு வாரத்து வேலை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிரேடு தேர்வுக்குப் பியானோ பழகும் பிள்ளைகளைப் பற்றித் தங்கள் இணைப்பிதழில் வந்த கட்டுரையில் ஒரு யோசனை சொல்லப்பட்டிருந்தது. தேர்வில் வாசிக்கும் மூன்று பீஸ்களில், அதாவது இசைத் துண்டுகளில், ஒன்றை இக்காலத்துச் சிறு பீஸாக எடுத்துக்கொண்டால் சுமை குறையும், கடைசி இரண்டு வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பது அது. இந்த யோசனையைக் கேட்டு நடக்கும் பிள்ளைகள் மதிப்பெண்ணை இழப்பார்கள். பியானோவின் காதுப் பழக்கத்தில் மிக நுட்பமான பகுதியையும் தாண்டிப் போய்விடுவார்கள். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மதிப்பெண் கணக்கை முதலில் முடித்துவிடலாம். இங்கிலாந்தின் ஏ.பி.ஆர்.எஸ்.எம். வாரியம் நடத்தும் செய்முறைத் தேர்வில் மொத்தம் 150. தேர்ச்சிக்கு 100, மெரிட்டுக்கு 120, டிஸ்டிங்ஷனுக்கு 130. பீஸ் ஒவ்வொன்றுக்கும் 30. நான்கு பக்க சொனாட்டாவுக்கும் 30தான், ஒரே நிமிடத்தில் முடியும் ஒரு பக்கப் பீஸுக்கும் அதே 30தான். நீளமான பீஸில் நடுவே ஒரு இடறல் நேர்ந்தால் சுதாரித்துக்கொள்ள இடம் இருக்கிறது. ஒன்பது பாரில் (தாள அளவில்) முடிகிற பீஸில் இரண்டாவது பாரில் தடுக்கினால், நிமிர்வதற்குள் பீஸ் முடிந்துபோயிருக்கும்.

ஒன்பது பார் என்பது பேச்சுக்குச் சொன்ன எண் அல்ல. ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷோன்பெர்க் 1911-ல் எழுதிய ஓபஸ் 19 (ஓபஸ் என்பது படைப்பு வரிசை எண்), ஆறு சிறு பியானோ பீஸ்கள் கொண்டது. அதில் 2, 3, 6 ஆகிய மூன்றும் ஒன்பதே பார்கள். நூறாண்டுக்கு மேலான இசையை இக்காலத்தது என்று சொல்வது பொருந்தாதுதான். ஆனால் ஒரே ஒரு உணர்ச்சி பாவத்தை எடுத்து, அதை வளர்க்காமல், விளக்காமல், சொல்லி முடித்துவிடும் இன்றைய சிறு பீஸ்களுக்கு ஊற்று அங்கேதான் இருக்கிறது. ஷூமான் 1838-ல் எழுதிய குழந்தைப் பருவக் காட்சிகள் பதின்மூன்றும் பாவத்துக்கு ஒரு பக்கம் என்று அமைந்தவைதான். ஆனால் அவற்றில் பாட்டு இருக்கிறது, கை பிடித்து நடத்திச் செல்லும் ஹார்மனி, அதாவது சுரங்களின் இணைப்பொலி, இருக்கிறது. ஷோன்பெர்க் அந்தக் கைப்பிடியை எடுத்துவிட்டார். மிச்சம் இருப்பது ஒலியின் அளவும் மௌனத்தின் அளவும் மட்டுமே. ஆகவே கச்சேரிக் கடைசியில் பாடும் துக்கடா மாதிரி இதை நினைப்பவர்கள், நல்ல துக்கடாவைப் பாடுவது எவ்வளவு கடினம் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஓபஸ் 19-ன் மூன்றாவது பீஸை எடுத்துக்கொள்வோம். முதல் நான்கு பாருக்கு வலது கை முழுக்க ஃபோர்டே (பலமாக), இடது கை முழுக்கப் பியானிஸ்ஸிமோ (மிக மென்மையாக) என்று ஷோன்பெர்க்கே குறிப்பு எழுதியிருக்கிறார். இங்கே வழக்கமாக நடக்கும் தவறு இரண்டு. ஒன்று, இரு கைகளும் நடுவே சந்தித்து எல்லாமே மிதமான ஒலியாகிவிடும். மற்றது, இடது கையை அடக்கப்போய்ச் சில சுரங்கள் ஒலிக்காமலே நழுவிவிடும். காரணம் எளிது. பியானோவில் ஒலியின் அளவைத் தீர்மானிப்பது சுத்தி தந்தியை நோக்கிப் போகும் வேகம், விரல் எவ்வளவு பலமாக அழுத்துகிறது என்பதல்ல. கட்டை மிக மெதுவாக இறங்கினால் சுத்தி தந்தியைத் தொடாமலே திரும்பிவிடும்.

இதைப் பழக ஒரு வழி உண்டு. ஒரு கட்டையை மிக மெதுவாக அழுத்துங்கள். கீழே போய்ச் சேர்வதற்குச் சற்று முன்னால் ஒரு சிறு முட்டு விரலுக்குத் தெரியும். சுத்தியை இயந்திரம் கைவிடும் இடம் அதுதான். இப்படிச் சத்தமில்லாமல் இறக்கிப் பழகிய பின், அதே கட்டையை ஒரு மயிரிழை வேகம் கூட்டி இறக்குங்கள். எந்த வேகத்தில் முதன்முதலாக ஒலி எழுகிறதோ அதுவே அந்தப் பியானோவின் மிக மென்மையான ஒலி. இந்த எல்லை ஒவ்வொரு வாத்தியத்துக்கும் வேறு. ஒரே வாத்தியத்தில் மேல் ஸ்தாயிக்கும் கீழ் ஸ்தாயிக்கும்கூட வேறு. தேர்வு அறையில் உட்கார்ந்ததும் ஸ்கேல் வாசித்துப் பார்ப்பதைவிட, அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று என மூன்று கட்டைகளில் இந்த எல்லையைத் தொட்டுப் பார்ப்பது நல்லது. பத்து விநாடி போதும்.

இடது கையை இந்த எல்லைக்குச் சற்று மேலே நிறுத்தித் தனியாகப் பழகி, அது விரலில் ஊறிய பிறகு வலது கையைப் பியானோ மூடியின் மேல், ஒலியே இல்லாமல், ஃபோர்டேவுக்கு வேண்டிய முழுக் கை எடையோடு சேர்த்து வாசிக்க வேண்டும். இடது கை கொஞ்சமும் கனக்காமல் இருந்தால் மட்டும் வலது கையைக் கட்டைக்கு மாற்றலாம். இதற்கே ஒரு வாரம் வேண்டும்.

ஆறாவது பீஸ் இன்னும் பொறுமை கேட்கும். முதல் ஐந்தையும் 1911 பிப்ரவரி 19 அன்று ஒரே நாளில் எழுதிய ஷோன்பெர்க், ஆறாவதை ஜூன் 17-ல் எழுதினார். நடுவில் மே 18 அன்று இசையமைப்பாளர் மாலர் இறந்திருந்தார். தொலைவில் அடிக்கும் மணிகள் போல வலது கையில் மூன்று சுரம், இடது கையில் மூன்று சுரம், ஒன்று தேயத் தேய மற்றது சேரும். கடைசிக் குறிப்பு, மென்மையைக் காட்டும் p என்ற எழுத்து நான்கு முறை, 'ஒரு மூச்சைப் போல' என்ற சொற்களோடு. மூன்று விரலும் ஒரே நேரத்தில் இறங்காவிட்டால் சேர்ந்து ஒலிக்க வேண்டிய சுரக்கூட்டு (கார்டு) உடைந்து, சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெறிக்கும். விரல்களைக் கட்டையின் மேல் முன்கூட்டியே படுக்க வைத்து, மூன்று விரலுக்கும் அந்த முட்டு ஒரே கணத்தில் தெரியும்வரை சத்தமில்லாமல் பலமுறை இறக்கிப் பாருங்கள். எந்த விரல் முந்துகிறது என்பது உடனே தெரிந்துவிடும். பெரும்பாலும் கட்டைவிரல்தான்.

சத்தமில்லாமல் கட்டையை இறக்குவது பயிற்சிக்கு மட்டும் உரிய வித்தை அல்ல, அதுவே இசையாகவும் ஆகும். ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் மிக்ரோகாஸ்மோஸ் என்ற பியானோ பீஸ் தொகுப்பில் 102-ஆம் பீஸ் இதை வைத்தே எழுதப்பட்டது. ஒரு கை சில கட்டைகளை ஒலியின்றி அழுத்திப் பிடித்திருக்கும். அந்தத் தந்திகளின் மேலிருந்து, ஒலியை அடக்கும் டாம்பர்கள் விலகியிருக்கும். மற்றக் கை வேறு சுரங்களைச் சுருக்கென்று அடித்து விட்டதும், பிடித்திருக்கும் தந்திகள் தாமாக அதிர்ந்து ஒரு மங்கலான ஒலியை மிதக்க விடும். தம்புராவின் தந்திகள் ஒன்றை ஒன்று எழுப்புவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே பிடிபடும். வலது பெடலில் கால் இருக்கவே கூடாது. இருந்தால் எல்லாத் தந்திகளும் திறந்துகொண்டு வித்தியாசம் அழிந்துவிடும். பழக்கத்தில் தானாகப் பெடலுக்குப் போகும் காலைத் தரையில் ஊன்ற வைப்பதுதான் இங்கே பாதி வேலை.

வீட்டில் டிஜிட்டல் பியானோ வைத்திருப்பவர்கள் வாங்கும்போதே ஒரு சோதனை செய்ய வேண்டும். நடு சி, ஈ, ஜி மூன்றையும் சத்தமில்லாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே உள்ள சியைப் பலமாக அடித்து உடனே விடுங்கள். மேலே ஒரு ரீங்காரம் மிஞ்சினால் இந்த வகை இசைக்கு அந்த வாத்தியம் ஏற்றது. ஒன்றும் மிஞ்சாவிட்டால் 102-ஐ அதில் பழக முடியாது. எவ்வளவு முயன்றும் வராவிட்டால் அது பிள்ளையின் தவறு அல்ல, உள்ளே அந்த ஒலியே இல்லை. பெடலையும் பார்த்துக்கொள்ளுங்கள். கூட இலவசமாகக் கொடுக்கும் சின்னச் சதுரப் பெடல் பெரும்பாலும் வெறும் ஸ்விட்ச். போட்டால் முழுக்க, எடுத்தால் முழுக்க. அரைப் பெடல் என்பதே அதில் கிடையாது.

61 கட்டைக் கீபோர்டு பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். ஹங்கேரிய இசையமைப்பாளர் லிகெட்டி 1951 முதல் 1953 வரை எழுதிய மூசிகா ரிச்செர்காத்தாவின் பதினொரு பீஸ்களில் முதலாவது, ஏ என்ற ஒரே சுரத்தை மட்டும் வைத்துக்கொண்டு நடக்கும். 88 கட்டைப் பியானோவில் ஏ எட்டு உண்டு. 61 கட்டையில் ஐந்துதான். பீஸின் பொருளே ஸ்தாயிக்கு ஸ்தாயி ஒரே சுரம் எப்படி நிறம் மாறுகிறது என்பது. ஐந்தை வைத்துக்கொண்டு அதைக் காட்ட முடியாது. முடிவில் முதன்முறையாக வேறு சுரம், டி, வருகிறது. அந்த நொடியில்தான், இவ்வளவு நேரம் கேட்டது ஷட்ஜம் அல்ல, பஞ்சமம் என்று நமக்கு விளங்குகிறது. கர்நாடக இசை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் போதும், அந்த டியை அவசரப்பட்டு வாசிக்க மாட்டாள்.

அதற்கு முன் வரும் வேகக் கூட்டல்தான் தேர்வில் விழும் இடம். ஒரே சுரம் என்பதால் எளிது என்று நினைத்து முன்கூட்டியே வேகத்தைக் கூட்டிவிடுவார்கள். பிறகு உச்சத்தில் கூட்ட ஒன்றும் இருக்காது, முன்கை இறுகிப் போயிருக்கும். முடிவில் எட்டக்கூடிய வேகத்தை மெட்ரோனோமில் (வேகம் காட்டித் தட்டும் கருவியில்) முதலில் கண்டுபிடித்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுத் தொடக்க வேகத்தை அமைக்க வேண்டும். தந்திகள் நிமிர்ந்து நிற்கும் அப்ரைட் பியானோவில் இன்னொரு தடையும் உண்டு. தந்திகள் படுத்திருக்கும் கிராண்டில் கட்டை பாதி எழும்பினாலே மறுமுறை அடிக்கலாம். அப்ரைட்டில் ஏறக்குறைய முழுதும் எழும்ப விட வேண்டும். விரலைக் கட்டையோடு ஒட்டி வைத்துத் திரும்பத் திரும்ப அடிக்கும் பழக்கம் அங்கே சுரத்தைத் தின்றுவிடும். இரண்டாவது பீஸில் நடுவே பாய்ந்து வரும் ஜி சுரத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

லிகெட்டியின் இந்தப் பீஸ்கள் ஹங்கேரியில், வெளியீட்டை எதிர்பார்க்காமல், மேசை இழுப்பறைக்காகவே எழுதப்பட்டவை. முதன்முதலாக மேடையில் முழுதும் ஒலித்தது 1969-ல், ஸ்வீடனின் சுன்ட்ஸ்வால் நகரில்.

லிகெட்டியின் தோழர், இசையமைப்பாளர் கூர்டாகிடம் வருவோம். ஒருவருக்கு இந்த உலகத்தின் கதவைத் திறந்துவிட வேண்டுமானால் நான் முதலில் எடுத்துக் கொடுக்கச் சொல்வது அவருடைய யாத்தேகோக் தொகுதிகளைத்தான். பெயரின் பொருள் 'விளையாட்டுகள்'. ஆசிரியை மரியான் தெயோகேயின் தூண்டுதலில் 1973-ல் தொடங்கி, முதல் நான்கு தொகுதிகள் 1979-ல் புடாபெஸ்டில் வெளிவந்தன. பியானோவை இன்னும் ஒரு பொம்மையாகப் பார்க்கும் குழந்தை அதன்மேல் கையை எப்படி வைக்குமோ அங்கிருந்து தொடங்குகிறார். முதல் நாளே உள்ளங்கை, முழங்கை, விரல் நுனி என்று முழு வாத்தியத்தையும் தொடச் சொல்கிறார். ஐந்து விரலையும் சியிலிருந்து ஜி வரை பூட்டிவிட்டு மாதக்கணக்கில் அங்கேயே வைத்திருக்கும் நம் முறைக்கு இது நேர் எதிர். எனக்கு இதுதான் சரியான தொடக்கம் என்று படுகிறது.

இதில் உள்ள நொடேஷனை, அதாவது இசைக்குறியீட்டை, கண்டு பயப்பட வேண்டாம். காலத்தைக் கணக்காகச் சொல்லாமல் மிக நீளம், நீளம், குறில், மிகக் குறில் என்று அளவு காட்டும் குறிகள் அவை. முதல் தொகுதியின் முன்பக்கத்தில் விளக்கம் இருக்கிறது. அதை ஒரு நாள் உட்கார்ந்து படித்தால் போதும். ஜெராக்ஸ் எடுக்கும்போது பக்கத்தைச் சுருக்கிவிடாதீர்கள். மௌனத்தின் நீளத்தைக் காட்டும் சின்னக் குறிகள்தான் முதலில் மங்கும், அவை போனால் பீஸே போயிற்று.

உள்ளங்கையால் பல கட்டைகளைச் சேர்த்து அடிக்கும் கொத்துக்கு விரல்களைச் சேர்த்து, மணிக்கட்டைக் கட்டையின் மட்டத்தில் வைத்து, கட்டையைத் தொட்டுக்கொண்டே தொடங்கி, முழங்கையிலிருந்து எடையை இறக்க வேண்டும். மேலேயிருந்து அறைந்தால் ஒலி முரடாகும், விரல் எலும்பும் நோகும், கறுப்புக் கட்டைகள் உயரமாக இருப்பதால் அவை மட்டும் முந்தி ஒலிக்கும். கட்டைகளின் மேல் விரலை வழுக்கிக்கொண்டு போகும் சறுக்கலுக்கு, வலது கை மேலே போகும்போது நடுவிரலின் நகம், கீழே வரும்போது கட்டைவிரலின் நகம். சதை படக் கூடாது. ஒரு கட்டையை இறக்க ஐம்பது கிராம் எடை போதும். அதற்கு மேல் அழுத்துகிறவர்களுக்குத்தான் நகக்கண் கிழிகிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்த கை கட்டையில் ஒட்டும், வாசிக்கும் முன் கையையும் கட்டையையும் உலர்ந்த துணியால் துடைத்துக்கொள்ளுங்கள்.

அந்த முதல் தொகுதியிலேயே 'மனிதன் ஒரு மலர்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு பீஸ் இருக்கிறது. மொத்தம் ஏழே சுரங்கள். எட்டு வயதுப் பிள்ளையும் வாசிக்கலாம், எண்பது வயதுக் கலைஞரும் மேடையில் வாசிக்கிறார். ஒரு சுரம் தேய்ந்து எந்த அளவுக்கு வந்தபின் அடுத்ததை வைப்பது என்பது மட்டுமே கேள்வி. தேய்ந்திருக்கும் ஒலியைவிட அடுத்தது கனமாக விழுந்தால் வரிசை அறுந்துவிடும். எண்ணிக்கொண்டு வாசிக்காமல், தேய்வதைக் கடைசிவரை கேட்டு வாசிக்கச் சொல்லுங்கள். இது வந்துவிட்டால் ஷோன்பெர்க்கின் ஆறாவது பீஸ் தானாக வசப்படும்.

வீட்டில் கிராண்ட் இல்லையே என்று வருந்துகிறவர்களுக்கு ஒரு செய்தி. கூர்டாகும் அவர் மனைவி மார்ட்டாவும் இந்தப் பீஸ்களை மேடையில் வாசித்தது பெரும்பாலும் அப்ரைட் பியானோவில்தான், அதுவும் நடுப் பெடலைப் பூட்டிக்கொண்டு. சுத்திக்கும் தந்திக்கும் நடுவே ஒரு ஃபெல்ட் துணியை இறக்கும் அந்தப் பெடல் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு இல்லாமல் பழகுவதற்கு என்றுதான் இங்கே எல்லோரும் நினைக்கிறார்கள். அது ஒரு தனி நிறம். உங்கள் வீட்டு அப்ரைட்டில் அந்தத் துணி பூச்சியரித்துத் தொங்கிக்கொண்டிருந்தால் மாற்றச் சொல்லுங்கள், பெரிய வேலை இல்லை. கிராண்டின் நடுப் பெடல் வேறு வேலை செய்வது. அழுத்தும்போது பிடித்திருக்கும் சுரங்களை மட்டும் நிறுத்தி வைக்கும். நொடேஷனில் அது கேட்கப்பட்டிருந்தால் பெரும்பாலான அப்ரைட்டுகளில் செய்ய முடியாது.

ட்யூனர் வரும்போது சுருதியோடு நிறுத்தாமல், சுத்தி விடுபடும் இடைவெளியையும் பார்க்கச் சொல்லுங்கள். சுத்தி தந்திக்கு எவ்வளவு அருகே போய் விடுபடுகிறது என்ற அளவு அது. கிராண்டில் ஏறத்தாழ 1.5 முதல் 2 மில்லிமீட்டர், அப்ரைட்டில் 2 முதல் 3. இடைவெளி அதிகமானால் மென்மையான சுரங்கள் விழாமல் போகும். மிகக் குறைந்தால் சுத்தி தந்தியில் இரட்டை தட்டும். கடலோர ஊர்களில் வடகிழக்குப் பருவமழை நேரத்தில் உள்ளே இருக்கும் ஃபெல்ட் ஈரத்தில் ஊதி, கட்டைகள் சோம்பலாக எழும். அப்போது பிள்ளையின் விரலைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட் 1976-ல் எழுதிய 'அலினாவுக்காக' இப்போது பலரும் விரும்பி எடுக்கிறார்கள். தாளக் குறி இல்லை. அடியில் பி சுரம் ஆக்டேவாக ஒலிக்க, பெடலை அழுத்தியபடியே இரு கைகளும் மேலே சுரத்துக்குச் சுரம் சேர்ந்து நடக்கும். பெடல் மாறுவது முடிவை நெருங்கும்போது ஒரே ஓர் இடத்தில். பதிவுகளில் கேட்டதை வைத்து மிக மெதுவாக வாசிப்பதுதான் இங்கே வரும் கேடு. அந்தப் பதிவுகள் பெரிய கிராண்டில் செய்தவை. சின்ன அப்ரைட்டில் அடி பி அவ்வளவு நேரம் உயிரோடு இருக்காது. அது முற்றாகச் சாகும் முன் மேல் சுரங்கள் தங்கள் வழியில் வெகுதூரம் போயிருக்க வேண்டும். வேகத்தை உங்கள் வாத்தியத்தின் அடித் தந்தியிடம் கேட்டு வையுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சோஃபியா குபைதூலினாவின் 'இசைப் பொம்மைகள்' 1969-ல் எழுதிய பதினான்கு பீஸ்கள், நடுநிலை மாணவர்களுக்கு மிகப் பொருத்தம். லாகன்மன் 1980-ல் எழுதிய 'குழந்தை விளையாட்டு' ஏழு பீஸ்களில் முதலாவது மேல் கோடியிலிருந்து கீழ் கோடி வரை ஒரு கட்டைகூட விடாமல் இறங்கும். 88 கட்டை இல்லாதவர்கள் தொட வேண்டாம். பார்டோக்கின் மிக்ரோகாஸ்மோஸ் 153 பீஸ்கள். அதில் 142, ஈயின் நாட்குறிப்பு, இரு கைகளும் ஒன்றுக்குள் ஒன்று செருகியபடி வாசிப்பது. எந்தக் கை கட்டையின் உட்பக்கம், எந்தக் கை விளிம்பில் என்பதை முதல் நாளே முடிவு செய்து பென்சிலில் எழுதாவிட்டால் வேகம் கூடியதும் விரல்கள் மோதிக்கொள்ளும். பார்டோக் பல பீஸ்களின் கீழே எத்தனை விநாடி என்று எழுதியிருக்கிறார், கடிகாரம் வைத்துச் சரிபாருங்கள். இந்தியச் சட்டப்படி இறந்து அறுபது ஆண்டு கடந்தவர்களின் இசைக்குக் காப்புரிமை இல்லை. பார்டோக் 1945-லும் ஷோன்பெர்க் 1951-லும் மறைந்தவர்கள், பழைய பதிப்புகளைத் தாராளமாக இறக்கிக்கொள்ளலாம். லிகெட்டியையும் கூர்டாகையும் விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

கைபேசியில் பதிவு செய்து ஒலி அளவைத் தீர்மானிக்காதீர்கள். அது மெல்லிய ஒலியைத் தானாகத் தூக்கும், பெரிய ஒலியை அமுக்கும். நேரத்தையும் மௌனத்தையும் சரிபார்க்க மட்டும் அது உதவும். ஒலியைக் கேட்க ஒருவரை அறையின் மறுகோடியில் உட்கார வைப்பதே மேல்.

கடைசியாக, முடிக்கும் விதம். ஷோன்பெர்க்கின் அந்த ஆறாவது பீஸில் கடைசிச் சுரம் போன பிறகு பெடலைச் சட்டென்று விட்டால், டாம்பர்கள் எல்லாம் தந்திகளின்மேல் விழும் சத்தம் அந்தச் சுரத்தைவிடப் பெரிதாகக் கேட்கும். தேர்வாளர் காதில் கடைசியாக விழுவது அந்தத் தொப்பென்ற ஒலிதான். பெடலை இரண்டு மூன்று விநாடி எடுத்து மேலே விட வேண்டும், கை அதுவரை கட்டையை விட்டு எழக் கூடாது. இந்த மூன்று விநாடியை மட்டும் தனியாக, தினமும் பத்து முறை பழக வேண்டும்.

இப்படிக்கு,
பியானோ ஆசிரியர் ஒருவர்,
சென்னை.